பெற்றோர் திருப்தி போதுமா?

சமூகப்பணித் துறை மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'இளையோர் போதை மீட்பு மையங்களும் அரசின் கண்காணிப்பும்'. அழைப்பிதழைப் பார்த்ததும் இது சட்டக் கல்லூரிக்குரிய தலைப்பாயிற்றே என்று தோன்றியது. மதியச் சாப்பாட்டுக்கு முந்தின இந்த நேரத்தில் பிரிவு எண்களை அடுக்கிக்கொண்டே போனால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். ஆகவே சட்டத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கக் கதை. பிள்ளைகளுக்கென்றே தனியாகப் போதை மீட்பு மையங்கள் நடத்தி, அவற்றுக்கு லைசென்ஸும் கொடுத்து, அது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்பதை ஐம்பது ஆண்டுகளாக நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எழுத்தில் பதிவுசெய்து வைத்திருக்கிற நாடு அது.

1970இல் ஃபுளோரிடா மாநிலத்தின் ஃபோர்ட் லாடர்டேல் நகரில் 'தி சீட்' என்றொரு மையம் தொடங்கியது. தொடங்கியவர் ஆர்ட் பார்க்கர். மேடைகளில் நகைச்சுவை சொல்லிப் பிழைத்தவர், குடியில் விழுந்து எழுந்தவர். கஞ்சா அமெரிக்கப் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்து, நடுத்தர வகுப்புப் பெற்றோர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகளை ஒரு கூடத்தில் நாள் முழுக்க உட்காரவைத்து, ஏற்கெனவே 'திருந்திய' பிள்ளைகளைக் கொண்டே புதியவர்களைக் குடைந்து, அழவைத்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளவைப்பதுதான் அங்கே வைத்தியம். மத்திய அரசின் பணமும் அதற்கு வந்தது. 1974இல் செனட்டர் சாம் எர்வின் தலைமையிலான துணைக்குழு இதை ஆராய்ந்தது. வாட்டர்கேட் விசாரணையை நடத்தினாரே, அதே எர்வின். கொரியப் போரில் வட கொரியர்கள் கையாண்ட மூளைச்சலவை முறைகளோடு இந்த வைத்தியத்தை ஒப்பிட்டு எழுதியது அவருடைய குழு.

இதற்குப் பிறகு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டே ஆண்டில், 1976இல், அதே ஃபுளோரிடாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 'ஸ்ட்ரெய்ட்' என்ற புதிய மையம் முளைத்தது. முன்னின்றவர் மெல் செம்ப்ளர், வணிக வளாகங்கள் கட்டி விற்ற பெரும் புள்ளி. வைத்தியம் பழையதுதான், நிர்வாகம் மட்டும் இன்னும் கெட்டி. அட்லான்டா, வர்ஜீனியா, டெக்சாஸ், மிச்சிகன், கலிஃபோர்னியா என்று கிளைகள் பரவின.

உள்ளே என்ன நடந்தது என்று அங்கே இருந்து வெளிவந்தவர்கள் நீதிமன்றங்களில் சொல்லியிருக்கிறார்கள். கிடங்கு போன்ற ஒரு கட்டடம். வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதுகு நாற்காலியில் படக்கூடாது. பேச வாய்ப்பு வேண்டுமென்றால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வேகவேகமாக உதறிக்கொண்டே இருக்க வேண்டும். உற்சாகம் குறைந்தால் திருந்தவில்லை என்று பொருள். புதிதாகச் சேர்ந்த பிள்ளை எங்கே போனாலும், கழிப்பறைக்குப் போனாலும்கூட, பழைய பிள்ளை ஒன்று அதன் இடுப்பு பெல்ட்டுக்குப் பின்னால் கைவிட்டுப் பிடித்துக்கொண்டே நடக்கும். இரவில் சொந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். வேறொரு பிள்ளையின் பெற்றோர் வீட்டில், ஜன்னலில் அலாரம் மாட்டிய அறையில் தூங்க வேண்டும்.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். பூட்டிவைத்தது அடியாட்கள் இல்லை. இன்னொரு பிள்ளையின் தாய் தகப்பன். உங்கள் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன், என் பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிற ஏற்பாடு. வாரத்தில் சில மாலைகளில் பெற்றோர் கூட்டம் நடக்கும். கூடத்தின் ஒரு பக்கம் பெற்றோர், எதிர்ப்பக்கம் பிள்ளைகள். மைக் கைமாறிக்கொண்டே வரும். "உன்னை நேசிக்கிறோம்" என்று பெற்றோர் சொல்வார்கள், பிள்ளையும் எழுந்து திருப்பிச் சொல்லும். பல மாதங்களாகப் பிள்ளையின் வாயிலிருந்து வசவை மட்டுமே கேட்டிருந்த ஒரு தாய்க்கு அந்த ஒரு சொல் எப்படி இருந்திருக்கும்? ஸ்ட்ரெய்ட்டுக்கு அந்தப் பெற்றோர்களைவிட விசுவாசமான ஆதரவாளர்கள் யாரும் இல்லை. 1985 நவம்பரில் அதிபர் ரேகனின் மனைவி நான்சி, இளவரசி டயானாவை அழைத்துக்கொண்டு வர்ஜீனியாக் கிளைக்குப் போனார். பத்திரிகைகளில் படம் வந்தது. அதைவிட உயர்ந்த அங்கீகாரச் சான்றிதழை எந்த வாரியம் கொடுத்துவிட முடியும்?

அந்தப் படத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னாலேயே, 1983இல், அதே வர்ஜீனியாவில் ஒரு வழக்கு முடிந்திருந்தது. ஒரு கல்லூரி மாணவர், ஸ்ட்ரெய்ட்டில் சேர்க்கப்பட்டிருந்த தன் தம்பியைப் பார்க்கப் போனார். அவரையும் உட்காரவைத்து விசாரித்து, நீயும் போதை அடிமைதான் என்று சொல்லி நான்கு மாதத்துக்கு மேல் வெளியே விடவில்லை. சட்டவிரோதமாக அடைத்துவைத்ததாகத் தீர்ப்பாகி, 2,20,000 டாலர் கொடுக்கச் சொன்னது ஜூரி. தொகையை விடுங்கள். வழக்கு ஏன் நின்றது என்பதைப் பாருங்கள். அவருக்கு வயது பதினெட்டைத் தாண்டியிருந்தது. அவருடைய சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இருந்தது. பதினாறு வயதுப் பிள்ளையாக இருந்து, தகப்பனார் கையெழுத்துப் போட்டிருந்தால்? அதே அறை, அதே ஜன்னல், அதே அலாரம். சட்டத்தின் கண்ணுக்கு அது சிகிச்சை.

இன்றைய பேச்சில் நான் சொல்ல வந்தது இதுதான். சாதாரண ஆஸ்பத்திரியில் நோயாளிதான் வாடிக்கையாளர். ஊசி வலித்தால் கத்துவார், பிடிக்கவில்லையென்றால் எழுந்து வேறு டாக்டரிடம் போவார். பிள்ளைகளின் போதை மீட்பு மையத்தில் பணம் கட்டுபவர் ஒருவர், படுக்கையில் கிடப்பவர் இன்னொருவர். படுக்கையில் கிடப்பவர் சொல்லும் புகாரை நம்பாதீர்கள் என்று பணம் கட்டியவரிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். "அடிக்கிறாங்கன்னு சொல்லுவான், சோறு போடலைன்னு சொல்லுவான், எல்லாம் வீட்டுக்கு வர்றதுக்கான நடிப்பு." போதையில் இருந்த பிள்ளை பொய் சொல்லிப் பழகியிருக்கும் என்பதில் உண்மை இல்லாமலில்லை. அதனால்தான் அந்த எச்சரிக்கை அவ்வளவு சுலபமாக வேலை செய்கிறது. ஆகவே, பெற்றோர் திருப்தியை அளந்து பார்த்து லைசென்ஸ் கொடுக்கிற, புகார் வந்தால் மட்டும் எட்டிப் பார்க்கிற கண்காணிப்பு, மற்ற எந்த இடத்தில் உதவினாலும் இங்கே உதவாது.

அந்த நம்பாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு சான்று போதும். 1994இல் யூட்டா மாநிலப் பாலைநிலத்தில், காட்டு வாழ்க்கை மூலம் பிள்ளைகளைத் திருத்துகிறோம் என்று நடத்திய ஒரு முகாமில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். கஞ்சாப் பழக்கம் என்று பெற்றோர் பணம் கட்டி அனுப்பியிருந்தார்கள். குடலில் புண் ஓட்டையாகி வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. நாள் கணக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்தவனைப் பார்த்து ஊழியர்கள் நடிக்கிறான் என்றே நினைத்தார்கள். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, 2007 அக்டோபரில் இதுபோன்ற பத்து மரணங்களை ஆராய்ந்து நாடாளுமன்றத்தில் அறிக்கை வைத்தது. நோவைச் சொன்ன பிள்ளையை நடிக்கிறதாக நினைத்தது அதில் திரும்பத் திரும்ப வருகிறது. 2005ஆம் ஆண்டில் மட்டும் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்திய நிகழ்வுகளில் சம்பந்தப்பட்டதாகவும் அதே அறிக்கை சொன்னது.

மாநில அரசுகள் சும்மா இருந்தனவா என்று கேட்பீர்கள். ஸ்ட்ரெய்ட் விஷயத்தில் சில மாநிலங்கள் நிமிர்ந்து நின்றன. 1990இல் கலிஃபோர்னியா லைசென்ஸ் மறுத்தது, கிளை மூடப்பட்டது. வர்ஜீனியா கெடுபிடி செய்ததும் 1991இல் பக்கத்து மாநிலமான மேரிலாண்டுக்கு இடம் மாறிவிட்டார்கள். நம்மூரில் ஒரு மாவட்டத்தில் கல்குவாரிக்குத் தடை போட்டால் அடுத்த மாவட்டத்தில் பாறை உடைகிற சத்தம் கேட்குமே, அதுபோல. தாய்வீடான ஃபுளோரிடாவில் நடந்தது இன்னும் கேவலம். மையத்தைப் பற்றிப் புகார்மேல் புகார் இருந்தும் 1989இல் லைசென்ஸ் தொடர்ந்ததற்கு அரசியல் அழுத்தமே காரணமாகத் தெரிகிறது என்று மாநில அரசின் உள்விசாரணை 1993இல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டில்தான் கடைசிக் கிளையும் மூடியது. செம்ப்ளர்? 1989இல் ஆஸ்திரேலியாவுக்கு அமெரிக்கத் தூதராகப் போனார், பிறகு இத்தாலிக்கும் போனார்.

இப்போது அங்கீகாரத்துக்கு வருகிறேன். லைசென்ஸ் வேறு, அங்கீகாரம் வேறு என்பதைப் பின்வரிசையில் இருக்கும் பெற்றோருக்காகச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் அரசு கொடுப்பது, அது இல்லாமல் கடை திறக்க முடியாது. அங்கீகாரம் தனி அமைப்புகள் கொடுப்பது. அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய ஜாயின்ட் கமிஷன், 1966இல் தொடங்கிய கார்ஃப் போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. மையமே விண்ணப்பம் போடும், மையமே கட்டணம் கட்டும், அந்த அமைப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் அனுப்பித் தரத்தைப் பார்க்கும். தேர்வு எழுதுகிற மாணவனே தேர்வாளருக்குச் சம்பளம் கொடுக்கிற ஏற்பாடு என்று நான் சொன்னால் அந்த அமைப்பினர் கோபித்துக்கொள்வார்கள். மருந்து அறை, தீயணைப்பு, பதிவேடு விஷயங்களில் அவர்கள் நிறையவே ஒழுங்கு கொண்டுவந்திருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் பணத்தை வாங்கும் உறைவிட மனநல மையங்களுக்கு அங்கே இந்த அங்கீகாரம் கட்டாயம். அப்படிப் பணம் வாங்கும் நான்கு பெரிய நிறுவனங்களைப் பற்றித்தான் செனட் நிதிக்குழு 2024 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையின் தலைப்பே அந்த மையங்களை, புறக்கணிப்பின் கிடங்குகள் என்றுதான் அழைக்கிறது. சான்றிதழும் இருந்தது, கிடங்காகவும் இருந்தது.

எது கொஞ்சமாவது வேலை செய்தது? 2021இல் யூட்டா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பதின்ம வயதில் அங்கே ஒரு மையத்தில் பூட்டப்பட்டிருந்த நடிகை பாரிஸ் ஹில்டன் நேரில் வந்து சாட்சி சொன்னதால் அதற்கு ஊடக வெளிச்சம் கிடைத்தது. வெளிச்சத்தை விடுங்கள், உள்ளே இருக்கும் விதிகளைப் பாருங்கள். ஆண்டுக்கு நான்கு ஆய்வு. பிள்ளையும் வீட்டாரும் வாரம் ஒருமுறை, ஊழியர் யாரும் ஒட்டுக்கேட்காமல் பேசிக்கொள்ளும் உரிமை. இந்த இரண்டாவது விதியை எழுத ஒரு மாநிலத்துக்கு 2021 வரை ஆகியிருக்கிறது. 2024 டிசம்பரில் மத்திய அளவிலும் ஒரு சட்டம் நிறைவேறியது; அது பெரும்பாலும் ஆய்வு நடத்தி அறிக்கை கொடுக்கச் சொல்கிற சட்டம். நாடு முழுவதற்கும் பொதுவான தரவிதிகளை வைக்க 2008இலும் 2009இலும் கீழவை நிறைவேற்றிய மசோதாக்கள் செனட்டில் கிடந்து செத்தன.

சரி, அமெரிக்கா கிடக்கட்டும். நம் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம்.

2019இல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பு வெளிவந்தது. உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் குழந்தைகளின் போதைப் பழக்கம் பற்றிக் கணக்கெடுக்கச் சொல்லிக் கண்டித்திருந்ததும் இதற்குப் பின்னணி. அந்தக் கணக்கில் ஓர் இடம் என்னை நிறுத்தியது. மது, கஞ்சா, ஹெராயின் எல்லாவற்றிலும் பெரியவர்கள்தான் அதிகம். ஒன்றே ஒன்றில் மட்டும் பிள்ளைகள் பெரியவர்களை முந்துகிறார்கள்: முகர்ந்து போதை ஏற்றும் பொருட்கள். பெரியவர்களில் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம். பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், வொயிட்னர், தின்னர். ஸ்டேஷனரிக் கடையில் கிடைப்பவை. அதே கணக்கெடுப்பு இன்னொன்றும் சொன்னது: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

இந்தப் பற்றாக்குறையில்தான் தனியார் மையங்கள் வளர்கின்றன. அரசு மானியத்தில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன, அரசு மருத்துவமனைகளில் பிரிவுகள் இருக்கின்றன, ஆனால் நடுராத்திரியில் பையன் வீட்டுச் சாமானை உடைத்துக்கொண்டிருக்கும்போது தாய்க்குக் கிடைப்பது பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் போன் நம்பர்தான். அழைத்தால் வண்டி வரும். நான்கு பேர் வந்து பையனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். முதல் மாதம் பார்க்க வரக்கூடாது, போன் கிடையாது என்பார்கள் பல இடங்களில். ஸ்ட்ரெய்ட்டும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது. ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் மனிதர்களுக்கு இதே யோசனைகள்தான் தோன்றும் போலிருக்கிறது.

இப்போது சட்டம், இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். போதை மீட்பு மையம் மனநல நிலையமா என்று இன்னும் சிலர் வாதாடுகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பொருட்களால் வரும் மனநிலைப் பாதிப்புகளை மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆக, ஆட்களை உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை தருகிற மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். சங்கிலி போடக்கூடாது. மொட்டை அடிக்கக்கூடாது. சொந்த உடையை உடுத்திக்கொள்ள உரிமை உண்டு. போன் பேசவும் பார்வையாளரைச் சந்திக்கவும் உரிமை உண்டு. கட்டிப்போடுவதைத் தண்டனையாகச் செய்யக்கூடாது. மொட்டையைப் பற்றியெல்லாம் நாடாளுமன்றச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், எழுதியவர்கள் நம்மூர் இல்லங்களை நேரில் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு அந்தச் சட்டத்தில் 87ஆம் பிரிவு. அமெரிக்கா ஐம்பது வருடம் தடுமாறிய விஷயத்தை அது நேராகப் பிடித்திருக்கிறது. மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பையனைப் பார்த்துச் சேர்க்கை அவசியம் என்று சொல்ல வேண்டும். அவனுடைய விருப்பத்தையும் கேட்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கக்கூடாது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மாவட்ட அளவிலான மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். முப்பது நாளைத் தாண்டினால் மறுபடியும் தெரிவிக்க வேண்டும், வாரியம் ஏழு நாளில் பரிசீலிக்க வேண்டும், அதன்பின் மாதாமாதம். மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் தலைமை, கலெக்டரின் பிரதிநிதி, மருத்துவர்கள், அவர்களோடு மனநோயால் பாதிக்கப்பட்டவர்களோ பராமரிப்பவர்களோ தொண்டு நிறுவனத்தினரோ இரண்டு பேர் என்பது வாரியத்தின் அமைப்பு.

எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. பெற்றோரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ, எந்தச் சூழ்நிலையிலும், சிகிச்சைக் காலம் முழுக்கப் பிள்ளையோடு கூடவே தங்க வேண்டும். பெண் பிள்ளையானால் கூட இருப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். நம் பெரியாஸ்பத்திரியில் ஒவ்வொரு படுக்கைக்கும் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பாரே அட்டெண்டர், டாக்டர்கள் விரட்ட விரட்டத் திரும்பி வருவாரே, அவரைச் சட்டம் அங்கீகரித்துவிட்டது. உலகத்தில் எந்த ஆய்வாளரும் இருபத்துநான்கு மணி நேரமும் வார்டில் இருக்க மாட்டார். அத்தையோ பாட்டியோ இருப்பார். முதல் மாதம் யாரும் வரக்கூடாது என்று சொல்லும் மையம், பதினாறு வயதுப் பையனை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னால், அது நிர்வாக ஒழுங்கு இல்லை, சட்டமீறல்.

குடும்பத்தை வெளியே நிறுத்தினால்தான் வைத்தியம் பலிக்கும் என்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநோயாளியின் குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை என்ற முறையில்தான் இத்தனை ஆண்டுகளாக வேலை செய்து வருகிறது.

இவ்வளவு நல்ல சட்டம் இருந்தும் ஓட்டை எங்கே? 66ஆம் பிரிவில். மையம் விண்ணப்பித்தால் பத்து நாளில் தற்காலிகப் பதிவுச் சான்றிதழ் கொடுத்துவிட வேண்டும், அதற்கு முன் எந்த விசாரணையும் தேவையில்லை, அது ஓராண்டு செல்லும் என்கிறது சட்டம். புதிதாகத் தொடங்குகிற நல்ல நிறுவனங்களைச் சிவப்பு நாடா நெரிக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஓராண்டில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை உள்ளே போய், மாதக்கணக்கில் இருந்து, வெளியே வந்துவிடலாம். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் அந்தத் தாளில் தற்காலிகம் என்ற சொல்லைப் பதற்றத்தில் இருக்கும் எந்தத் தகப்பனார் படிப்பார்? பிள்ளைகளைச் சேர்க்கும் மையங்களுக்கு இந்தத் தற்காலிகப் பதிவே கூடாது என்பது என் கட்சி. பதிவே இல்லாமல் நடத்தினால் முதல் தடவைக்கு அபராதம் 5,000 முதல் 50,000 ரூபாய். பத்துப் படுக்கை வைத்திருப்பவர் ஒரு மாத வசூலில் கட்டிவிட்டுப் போவார்.

வாரியத்துக்குக் கொடுத்த அதிகாரத்திலும் ஒரு சொல் உறுத்துகிறது. வாரியம் விரும்பினால் பிள்ளையை நேரில் சந்தித்துப் பேசலாம். விரும்பினால்! பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்திருக்க வேண்டும், அதுவும் தனியாக.

தனியாக என்று ஏன் அழுத்துகிறேன் என்றால், ஒரு மையத்துக்கு ஆய்வுக் குழுவோடு நானும் போயிருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். வருகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது, வாசலில் கோலமே போட்டிருந்தார்கள். தீயணைப்பான் புத்தம் புதுசு, கழற்றாத பிளாஸ்டிக் உறையோடு தொங்கியது. படுக்கைக்கும் படுக்கைக்கும் இடைவெளியை டேப் வைத்து அளந்தார்கள். சமையலறையில் முட்டைகளை எண்ணினார்கள். ஓரத்தில் மீசை சரியாக அரும்பாத ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பதிவேட்டில் வயது 19. சாப்பாடு எப்படி என்று குழுவில் ஒருவர் கேட்டார். பையன் முதலில் வார்டனைப் பார்த்தான், பிறகு எங்களைப் பார்த்து, "நல்லாருக்கு சார்" என்றான். எந்த வருஷம் பத்தாவது எழுதினாய் தம்பி என்று நான் கேட்டேன். போன வருஷம் என்றான். அதற்குள் வார்டன் இடையில் புகுந்து, இவன் ரெண்டு மூணு தடவை ஃபெயிலான கேஸ் சார் என்றார். பதிவேட்டில் 19 என்று எழுதிவிட்டால் 87ஆம் பிரிவு முழுக்கக் காணாமல் போய்விடும்: 72 மணி நேர அறிவிப்பு இல்லை, தனி அறை இல்லை, கூட யாரும் தங்க வேண்டியதில்லை. ஆதார் நகலைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் வயது வெளியே வந்தது. முட்டை எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

கண்டிப்பைக் கூட்டினால் இருக்கிற மையங்களும் மூடிவிடும், அப்புறம் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி. 38 பேரில் ஒருவர் என்ற கணக்கை வைத்துக்கொண்டு அதை அலட்சியப்படுத்த முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் இல்லத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்களே, அதற்கு முன்பும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: வேறு எங்கே கொண்டுபோய் விடுவது? மனநல நிலையங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற 1987ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் இருந்தது. தீக்குப் பிறகு அந்த இல்லங்களை மூடி, நூற்றுக்கணக்கானவர்களை அரசு வேறு இடங்களுக்கு மாற்றியது. இடம் இல்லை என்றவர்களுக்கு அன்று எப்படியோ இடம் கிடைத்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் படுக்கை வேண்டியதும் இல்லை. முகர்கிற பழக்கமுள்ள பெரும்பாலான பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டே, பள்ளிக்கு அனுப்பிக்கொண்டே, வெளிநோயாளியாகப் பார்க்க முடியும். வெளியிலேயே செய்யக்கூடிய சிகிச்சை பலன் தரவில்லை என்று தெரிந்த பிறகுதான் சேர்க்கை என்பது 87ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

மாணவர்கள் இங்கே இருப்பதால் ஒரு வேலை சொல்லிவிட்டு முடிக்கிறேன். அந்த 72 மணி நேர அறிவிப்பு வாரியத்துக்கு உண்மையில் போகிறதா என்பது நம்மில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் சொந்த மாவட்டத்துக்கு ஆளுக்கொரு மனு போடுங்கள். மூன்றே கேள்வி: கடந்த ஓராண்டில் 87ஆம் பிரிவின்கீழ் வந்த அறிவிப்புகள் எத்தனை, அவற்றில் எத்தனை பிள்ளைகளை வாரியத்தினர் நேரில் சந்தித்தார்கள், மாவட்டத்தில் தற்காலிகப் பதிவில் மட்டுமே ஓடும் மையங்கள் எத்தனை. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் முதல் மேல்முறையீடு. மனுவின் மாதிரி நகல்கள் வரவேற்பு மேசையில் வைத்திருக்கிறேன். சாப்பிடப் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.